டிராக்டர் டயர் எதற்கு என்று கேட்டீர்களே

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரம் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் போக சைக்கிள் வாங்குகிறேன் என்றாய், டிராக்டர் டயரோடு நிற்கிறாயே?" என்று கேட்டீர்கள். போனில் ஆரம்பித்தால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வார். நான் வாங்கியது காட்டுப் பாதையிலும் ஓடும் மலை சைக்கிள். அதன் தடித்த டயரைத்தான் டிராக்டர் டயர் என்றீர்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே திங்கள் முதல் வெள்ளி வரை, ஆபீசுக்குப் போக வர 16 கிலோமீட்டர். நல்ல தார் ரோடு, நடுவில் ஒரு மேம்பாலம். சனிக்கிழமைதான் கஷ்டம். வந்த புதிதில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே அன்றைய பொழுது போய்விடும். பக்கத்தில் காடு இருக்கிறது, உள்ளே மண் பாதையில் சைக்கிள் விடுகிறவர்கள் நின்று நாலு வார்த்தை பேசுவார்கள் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். ரோட்டுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என்று வாங்கலாம்தான். ஆனால் என் அறைக்குள் ஒரு சைக்கிள் வந்தாலே நான் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும்.

முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி மேல்தான் முதலில் ஆசை வந்தது. ஓட்டிப் பார்த்தேன். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால், மிதிக்கிற மிதியில் கொஞ்சம் ஸ்பிரிங்கை அமுக்கவே போய்விடுகிறது. எடையும் கூடுதல். பின்பக்க மூட்டுகளில் இருக்கும் பேரிங்குகளையும் கவனிக்க வேண்டும். கேரியர் மாட்ட வழியிருக்கும் வண்டியும் அபூர்வம். வாரத்தில் 5 நாள் லேப்டாப் சுமக்கிறவனுக்கு அது ஒத்துவராது.

சரி என்று ஹார்ட்டெயில் எடுத்தேன். சஸ்பென்ஷன் முன்னால் மட்டும்தான், 120 மில்லிமீட்டர் அமுங்கும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தலையில் ஒரு திருகு உண்டு, திருப்பினால் ஆட்டம் நின்று இறுகிவிடும். ரோட்டில் பூட்டிவைப்பேன், காட்டுக்குள் நுழையும்போது திறந்துவிடுவேன். கடைக்காரர் கியரைக் காட்டிக்கொண்டிருக்க, நான் குனிந்து பின் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் மரை போட்ட ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். அது இல்லாவிட்டால் கேரியரும் மட்கார்டும் சரியாக உட்காராது. காலை ஊன்றி நின்றால் பாருக்கு மேலே நாலு விரல் இடைவெளி இருக்கிறது. உங்கள் சைக்கிளில் பாருக்குள் கால் விட்டுக் குரங்குப் பெடல் அடித்தவனுக்கு இது போதாதா?

இப்போது டயர். 29 இன்ச் என்று பெயர், ஆனால் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர். 700சி என்று சொல்லும் ரோடு சைக்கிளுக்கும் அதே அளவுதான். அதனால் எப்போதாவது மனம் மாறினால், ரிம்மின் அகலத்துக்குப் பொருந்துகிற மெல்லிய டயரை இதிலேயே மாட்டிக்கொள்ளலாம். நான் எடுத்தது 2.25 இன்ச். டயரின் ரப்பர் கட்டைகள் நடுவில் குட்டையாக நெருக்கமாக இருக்கும், ஓரத்தில் உயரமாக இருக்கும். தார் ரோட்டில் நடுப்பகுதி ஓடும், மண்ணில் சாய்ந்து திரும்பும்போது ஓரம் பிடிக்கும். காற்றுதான் சூட்சுமம். ஆபீசுக்கு 40 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு), காட்டுக்கு 25. சைக்கிளையே மாற்றிவிட்ட மாதிரி இருக்கிறது, சத்தியமாக.

கியரில் ஒரு குறை. முன்னால் 32 பல் உள்ள ஒற்றைப் பல்சக்கரம். பின்னால் 11 பல் முதல் 51 பல் வரை பல சக்கரங்கள். எந்த மேட்டிலும் உட்கார்ந்தபடியே ஏறலாம். ஆனால் மேம்பாலத்தில் இறங்கும்போது 36 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கால் சும்மா சுற்றுகிறது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் மெல்லிய டயரில் என்னைக் கடந்து போகிறார். போகட்டும்.

பிரேக் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1976-இல் கலிஃபோர்னியாவின் மேரின் பகுதியில் பழைய குண்டு டயர் சைக்கிள்களை மலையிலிருந்து இறக்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் இருக்கும் பிரேக். கீழே வருவதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் வெந்து புகைந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். மலை சைக்கிள் வளர்ந்தது அங்கேதான். என்னுடையதில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக். ரிம் நனைந்தாலும் பிடி விடாது, ஒரு விரல் போதும்.

முதல் சனிக்கிழமை நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மெத்தென்று இருக்கட்டும் என்று காற்றை 15 வரைக்கும் இறக்கிவிட்டேன். ஒரு மரவேர் மேல் பின் சக்கரம் 'டக்' என்று மோதியது. வண்டி தள்ளாடி, நான் புதரில் உட்கார்ந்தேன். டியூபைக் கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. ரிம்முக்கும் வேருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. முழுக்கிப் பார்க்கத் தண்ணீர் இல்லை. நீங்கள் செய்வீர்களே, அப்படிக் காற்றடித்த டியூபைக் கன்னத்தோரம் மெதுவாக நகர்த்தினேன். இரண்டாவது ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை, கன்னத்துக்குத்தான் தெரிந்தது. வழியில் வந்த இருவர் நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள். ஒட்டு காயும்வரை பேசிக்கொண்டிருந்தோம். இந்தச் சனிக்கிழமையும் சேர்ந்து போகிறோம்.

ஹெல்மெட் போடாமல் போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். புதர் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்