வியாழக்கிழமை மாத்திரை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பற்றிப் பேச எப்படியும் உங்களை அழைப்போம். அதற்கு முன்னால் வேறு ஒரு விஷயம்.

வியாழன்தோறும் மதியச் சாப்பாடு முடிந்ததும் நம் பிள்ளைகளுக்கு நீல நிற மாத்திரை ஒன்று கொடுக்கிறோம். ரத்தசோகை வராமல் இருக்க, இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் (ரத்தம் ஊற உதவும் ஒரு வைட்டமின்) கலந்தது. அரசு தருகிறது, காசு கிடையாது. கொஞ்ச நாளாக அது ஜன்னலுக்கு வெளியேயும் பெஞ்சுக்கு அடியிலும் கிடக்கிறது. கேட்டால், "வீட்ல வேணாம்னு சொன்னாங்க சார்" என்கிறார்கள்.

ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்பது எனக்கும் தெரியும். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு புரட்டுகிறது, பெண் பிள்ளைகளுக்குப் பின்னாளில் குழந்தை பிறக்காது என்றெல்லாம் பேச்சு. மலம் கறுப்பது இரும்புச்சத்தால், பயப்பட ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் போட்டால் புரட்டும். அதனால்தான் சாப்பிட்ட பிறகு கொடுக்கிறோம். மூன்றாவது பேச்சுக்கு ஒரே பதில்: கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் தினமும் சாப்பிடச் சொல்லிக் கொடுப்பதும் இதே இரண்டு சத்துகள்தான்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. பையன்களில் 31. "என் மகன் நல்லாத்தானே இருக்கான்" என்று சொல்லிவிட முடியாது. வளரும் வயதில் உடம்புக்கு ரத்தம் கூடுதலாகத் தேவை; பெண்களுக்கு மாதவிலக்கும் சேர்ந்துகொள்கிறது. ரத்தம் குறைந்த பிள்ளை படியேறினால் மூச்சு வாங்கும், மூன்றாவது பீரியடில் கண்ணைச் சொருகும். நாம் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

மாத்திரை மட்டும் போதாது. அரசின் காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நம் பிள்ளைகளில் பலர் ஒரு டம்ளர் டீயோடு வருகிறார்கள். பிரேயரில் மயங்கி விழுகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இதே கதைதான். பழைய சோறாக இருந்தாலும் சரி, ஏதாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், முடிந்தால் ஈரல். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் சேராது. ஒரு மணி நேரம் போகட்டும்.

பத்தாம் வகுப்பு வந்ததும் டியூஷனுக்குக் கடன் வாங்கியாவது கட்டுகிறீர்கள். தப்பென்று சொல்லவில்லை. ஆனால் காலை ஐந்து மணி டியூஷனுக்காக இரவு பதினொன்றுக்குப் படுக்கும் பிள்ளையின் தலையில் என்ன ஏறும்? இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ராத்திரி செல்போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு: அரசின் 'புதுயுகம்' திட்டத்து நாப்கின் பள்ளியிலேயே கிடைக்கும், டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த நாட்களுக்காக லீவு போட வேண்டாம். ரத்தப்போக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் இருந்தால் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். டாக்டரைக் கேட்காமல் அவர்களுக்கு மாத்திரை கொடுக்க மாட்டோம். காய்ச்சல் உள்ள பிள்ளைக்கும் அன்று கிடையாது. மற்றவர்கள் வரும் வியாழன் முதல் ஆசிரியர் முன்னிலையிலேயே விழுங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாலை நாலரைக்கு மேல் அறைக்கு வாருங்கள், பேசலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்