மங்கம்மாவும் கடுகும்

ஆஸ்டின், டெக்சாஸ்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பிசியோதெரபி என்றால் முரண்டு பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பிடிக்காமல் இருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். நான் மிரட்டியதாகச் சொல்லி நடக்க வை. இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு ஆபீசில் இடம் மாற்றம், ஆனால் இதே ஊருக்குள்தான். நிலா கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் உட்காரும் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு.

அப்புறம் உன் பையன் விஷயம். சட்டைப்பையிலிருந்து சுகர் கிளைடர் என்கிற, மரத்துக்கு மரம் மிதந்து தாவும் குட்டிப் பிராணியை எடுத்துக் காட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, சென்னையில் விற்கிறார்களாம், வாங்கித் தா என்று அருண் நச்சரிக்கிறானாம். சித்ரா ஆன்ட்டி வீட்டிலேயே இருக்கிறதே என்று என்னைச் சாட்சிக்கு வேறு இழுக்கிறானாம். சாட்சி சொல்கிறேன். ஆனால் அவன் கட்சிக்கு இல்லை.

எங்கள் வீட்டில் இருப்பது ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. இந்த ஊரில் ஒரு குடும்பம் ஏதோ கண்காட்சியில் ஜோடியாக வாங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆசை தீர்ந்ததும் கிளிக்கூண்டில் போட்டு கராஜில் வைத்துவிட்டார்கள். ஆண் செத்துப்போனது. பிறகு அவர்களுக்குக் கலிஃபோர்னியாவுக்கு மாற்றல். அந்த மாநிலத்தில் இதை வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. சாமான்களை ஏற்றும் நேரத்தில் 'யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஆள் தேடியிருக்கிறார்கள். இப்படிக் கைவிடப்பட்டவற்றை வாங்கிப் பராமரிக்கிற அம்மா ஒருவர் இங்கே இருக்கிறார். நிலா அவருக்கு உதவிக்குப் போவாள். அவர் வீட்டில் இடமில்லை என்றதும் என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

கூண்டை எங்கள் கையில் கொடுக்கும்போதே அந்த அம்மா சொல்லிவிட்டார், 'இதை யாரும் கையால் தொட்டுப் பழக்கியதில்லை. வயிற்றுப் பையில் குட்டி வேறு இருக்கிறது' என்று. குனிந்து பார்த்தால் நிலக்கடலை அளவுக்கு ஒரு புடைப்பு, கொஞ்ச நேரத்தில் அது அசைந்தது.

நம் களக்காடு, ஆனைமலைக் காடுகளில் இருக்கும் பறக்கும் அணிலோடு இதைச் சேர்த்துவிடாதே. பார்வைக்கு ஒன்றுதான். கைக்கும் காலுக்கும் நடுவே தோலை விரித்துக்கொண்டு மரத்துக்கு மரம் இதுவும் மிதந்து போகும், 50 மீட்டர் வரைக்கும்கூட. ஆனால் அது கொறிவிலங்கு, இது கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள ஜாதி. கர்ப்பம் வெறும் 16 நாள். பிறக்கும்போது குட்டியின் எடை 0.2 கிராம். கண் காது எதுவும் உருவாகாத அந்தப் பிறவி தானாகவே ஊர்ந்து பைக்குள் போய் ஒரு காம்பைக் கவ்விக்கொள்ளும். பிறகு 70 நாள் போல வெளியே தலைகாட்டாது. உண்மையான பிரசவம் அந்தப் பையிலிருந்து வெளியே வருவதுதான் என்று எனக்குத் தோன்றும்.

தாய்க்கு மங்கம்மா என்று இவர் பேர் வைத்தார். கோபம் அப்படி. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற உருவம், ஆனால் கூண்டுப் பக்கம் நிழல் விழுந்தால் போதும், பழைய மிக்சியில் காய்ந்த மிளகாயைப் போட்டு விட்டு விட்டு ஓட்டினால் எழும் சத்தம்தான். பின்காலில் எழுந்து, மல்லாந்து, நான்கு கைகாலையும் நீட்டிக்கொண்டு கத்தும். அது அத்தனையும் பயம். மூன்றாவது நாள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை விட்ட இவரை விரல் நுனியில் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டது. கடித்ததும் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்பார்கள். இழுத்தால், 'கடித்தால் கை போய்விடும்' என்று அது பாடம் படித்துக்கொள்ளும். சொல்வது சுலபம்.

பழகாத கிளைடர் என்றாலே இங்கே எல்லோரும் சொல்கிற வழி ஒன்று உண்டு. ஜிப் வைத்த துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பகல் முழுக்க நடமாடுவது, நம் வாசனையும் இதயத் துடிப்பும் பழகட்டும் என்று. குட்டி இல்லாவிட்டால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். பையில் குட்டியோடு இருக்கும் தாயை அலைக்கழித்தால் கதை வேறு. பயம் அளவு மீறினால் குட்டியைத் தள்ளிவிடும், சில சமயம் தின்றும்விடும். ஆகவே அந்த அம்மா போட்ட உத்தரவு இதுதான்: சாப்பாடு வை, சுத்தம் செய், தூரமாக உட்கார், மற்றபடி சும்மா இரு. எனக்குச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாதா?

வெளவால், மரநாய் எல்லாம் பார்க்கிற டாக்டரிடம்தான் இதைக் காட்ட வேண்டும், நாய் பூனை டாக்டருக்குப் பெரும்பாலும் தெரியாது. சாதாரணமாக மயக்க வாயு கொடுத்துத்தான் இதைச் சோதிப்பார்கள். பால் கொடுக்கும் தாய் என்பதால் அது வேண்டாம் என்றுவிட்டார் அவர். தூங்கும் பையோடு சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தோம், பையைக் கழித்தால் 90 கிராமுக்கும் கீழே. எச்சத்தைச் சோதிக்கக் கொடுத்தோம், கிருமி எதுவும் இல்லை. ஆனால் கிளை ஏறும்போது பின்னங்கால் நடுங்குவதை அவர் கண்டுபிடித்தார். கராஜில் அதற்குக் கிடைத்தது ஆப்பிளும் சூரியகாந்தி விதையும்தான். இந்தப் பிராணிக்குச் சாப்பாட்டில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு வேண்டும். விதையில் கணக்கு தலைகீழ். கால்சியம் போதாவிட்டால் எலும்பிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், பால் கொடுக்கிற தாய்க்கு இன்னும் வேகமாக. முதலில் நடுக்கம், அப்புறம் பின்னங்கால் விழுந்தே போகும். விற்கிறவர்கள் 'ஒரு துண்டு ஆப்பிளும் கொஞ்சம் தீவனமும் போதும்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

சாப்பாட்டுக் கதையைக் கேள். காட்டில் இது யூகலிப்டஸ், வேல மரங்களின் பிசினையும் சாறையும் நக்கும், பூந்தேன் குடிக்கும், பூச்சி பிடிக்கும். வீட்டில் அதற்கு ஈடாக ஆளுக்கொரு பாகம் சொல்கிறார்கள். நாங்கள் செய்வது ஆஸ்திரேலிய மிருகக்காட்சிசாலைகளில் லெட்பீட்டர் போசம் என்கிற அதன் உறவுக்காரப் பிராணிக்குக் கொடுத்த கலவையிலிருந்து வந்தது. தேன், அவித்த முட்டை, குழந்தைகளுக்கான சத்துமாவு, டப்பாவில் வரும் கோழிக் கூழ், கால்சியம் பொடி எல்லாவற்றையும் அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். ராத்திரிக்கு ஒரு கட்டி, கூடக் கொஞ்சம் பப்பாளி, கீரை. இதுவரை முட்டைகூட நுழையாத என் ஃப்ரீசரில் கோழிக் கூழ்! ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு டப்பா புழு வேறு உயிரோடு இருக்கிறது. மாமியார் வந்திருந்தபோது புளிக்காய்ச்சல் என்று நினைத்து அதைத் திறந்துவிட்டார். அந்த வாரம் முழுக்கக் காபிக்குப் பால்கூட நானேதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

புழுவைத் தின்னும்போது முதலில் தலையைக் கடித்துவிட்டுத்தான் மீதியை உறிஞ்சும். பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும், அது சுவரில் போய் ஒட்டும். காலையில் காய்ந்த பப்பாளியைச் சுரண்டுவது நிலாவின் வேலை.

மங்கம்மா இருப்பது இப்போது ஆள் உயரக் கூண்டில். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, குட்டி வெளியே வந்துவிடும். படுக்கைப் பை ஃபிளீஸ் துணியில்தான் தைக்க வேண்டும். பருத்தித் துணியில் நூல் பிரிந்தால் நகம் மாட்டிக்கொண்டு விரலே போய்விடுமாம். அறை 24 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம். குளிர் தாங்காமல் விறைத்து அரைத்தூக்கத்துக்குப் போய்விடும் சுபாவம் இதற்கு உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயலோடு கரண்டும் போய் நாங்கள் கம்பளிக்குள் கிடந்ததை எழுதியிருந்தேன் இல்லையா, அதனால் இந்தக் குளிர்காலத்துக்கு வெந்நீர்ப் பைகளும் பாட்டரியும் இப்போதே வாங்கி வைத்தாயிற்று.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் அதற்கு விடியும். நான் தினமும் கூண்டுக்கு ஆறடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதாவது படிப்பேன், கொஞ்சம் வாய்விட்டு. முதல் வாரம் முழுக்கக் கத்தல். பிறகு பைக்குள்ளிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. நான் உடுத்திய பழைய சேலைத் துண்டை வாசனைக்காக, ஓரம் தைத்து, கூண்டின் வெளிப்பக்கம் கட்டிவைத்தேன். அப்புறம் நீளமான ஸ்பூனின் நுனியில் துளி தயிர். இன்றைக்கு என் விரலில் உள்ள தயிரை நக்கிக்கொள்ளும். விரல் தலைப்பக்கம் நகர்ந்தால் உடனே மிக்சி. அவ்வளவுதான் எங்கள் உறவு.

ஒரு ராத்திரி அதன் முதுகில் இன்னொரு முதுகைப் பார்த்தோம். முடி சரியாக முளைக்காத சாம்பல் உடம்பு, நெற்றியில் தொடங்கி வால்வரை ஒரு கறுப்புக் கோடு, கண் இன்னும் திறக்கவில்லை, காது மடிந்து தலையோடு ஒட்டியிருந்தது. மங்கம்மா அதைத் தூக்கிக்கொண்டே உணவுத் தட்டுக்கு வந்தது. இதன் பின்னங்காலில் இரண்டாவது, மூன்றாவது விரல்கள் ஒன்றாக ஒட்டி, நகங்கள் மட்டும் பிரிந்திருக்கும். அதுதான் சீப்பு. தட்டு ஓரத்தில் உட்கார்ந்து அந்த ஜோடி நகத்தால் குட்டியின் கழுத்தை வாரி, நக்கி, திரும்ப வாரி, அரைமணி நேரம். பசியோடு வந்த பிராணி அதுவரை தட்டைத் தொடவில்லை. நம்மைக் கண்டு மல்லாந்து கத்துகிற அதே பிராணிதான்.

குட்டிக்குக் கடுகு என்று பேர். கண் திறக்க இன்னும் பத்து நாள் ஆயிற்று. அதற்கு முன் தொடவில்லை. திறந்த பிறகு, தாய் ராத்திரியில் தீனிக்கு இறங்கும்போது குட்டியைப் படுக்கைப் பையிலேயே விட்டுவிட்டுப் போகும், அந்த நேரத்தில் சில நிமிடம் கையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அந்த அம்மா. இப்போது கடுகு நிலாவின் சட்டைக் கைக்குள் புகுந்து தோளில் எட்டிப் பார்க்கிறது. பயமே கிடையாது. மங்கம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருக்கும்.

இவருக்கு இதில் வருத்தம். 'இவ்வளவு செய்கிறோம், இன்னும் கத்துகிறதே' என்கிறார். அதற்கு நம்மிடம் என்ன கடன்? நாம் செய்வது முன்னால் யாரோ செய்ததற்குப் பரிகாரம் என்றேன். கால் நடுக்கம் நின்றிருக்கிறது, எடை ஏறியிருக்கிறது, குட்டி தேறிவிட்டது. என் மடியில் வந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை, அதன் தேவை இல்லை.

பிடிக்கவில்லை என்றால் காட்டில் விட்டுவிடலாமே என்று நீ கேட்பாய். இது டெக்சாஸ் பிராணி இல்லையே. அமெரிக்காவில் கூண்டுகளில் இருப்பவற்றின் பூர்வீகம் நியூகினித் தீவின் மேற்குப் பக்கம் என்று மரபணு பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனையோ தலைமுறையாகக் கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தவை. டாஸ்மேனியாவில் 1830களில் மனிதர்கள் கொண்டுபோய்ச் சேர்த்த கிளைடர்கள் இன்றைக்கு மரப்பொந்தில் அடைகாக்கும் ஸ்விஃப்ட் கிளிகளைத் தின்று தீர்க்கின்றன. அந்தக் கிளி இனமே அழியும் நிலையில் இருக்கிறது. ஆகவே விடவும் வழியில்லை. இருக்கிற வரைக்கும் இங்கேதான்.

அருணுக்கு இதையும் சொல். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10, 12 வருடம் இருக்கும். அவன் இப்போது பத்தாவது. அவன் காலேஜ் போய், வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நாய்க்குட்டி மாதிரி விடாமல் குரைக்கும், கேட்கப் போவது நீதான். ஒன்றாக வாங்கவும் முடியாது, தனியாக விட்டால் தன் முடியைத் தானே பிய்த்துக்கொள்ளும். தென்காசியில் இதைப் பார்க்க டாக்டரை எங்கே தேடுவாய்? ஒருவேளை எங்காவது கைவிடப்பட்டது என்று வந்தால் அது வேறு பேச்சு. காசு கொடுத்து வாங்கினால் அந்த இடத்துக்கு இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

எங்களுக்கு அடுத்த தலைவலி, கடுகு ஆண். வயிற்றில் சின்னக் குஞ்சம் தெரிகிறது. பால்குடி மறக்க நான்கு மாதம் ஆகும், அதன் பிறகு தாயோடு கூடுவதற்கு முன்னால் கருத்தடை ஆபரேஷன் செய்தாக வேண்டும். செய்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், துணைக்கு வேறு தேட வேண்டாம். டாக்டரிடம் நாள் குறித்தாயிற்று.

டிசம்பரில் நானும் நிலாவும் மட்டும் வருகிறோம். இவரை எதிர்பார்க்காதே. இந்த இரண்டையும் ராத்திரி பார்த்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? அவரே முன்வந்து கூழ் அரைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். போன வாரம் மூடியைச் சரியாகப் போடாமல் ஓட்டி, கூரையில் தேனும் கோழியும். டிக்கெட் தேதி உறுதியானதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
சித்ரா