படிகாரம் அல்ல, வெங்காரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வந்த பொற்கொல்லர் கட்டுரையை ஆவலோடு படித்துக்கொண்டே வந்தவள், 'நகையைப் பற்றவைக்கப் படிகாரம் தடவுவார்கள்' என்ற வரியில் நின்றுவிட்டேன். என் தந்தை சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் பின்கட்டில் முப்பது ஆண்டு நகை செய்தவர். அவர் தடவியது வெங்காரம், ஆங்கிலத்தில் போராக்ஸ் என்கிற உப்பு. படிகாரம் முகம் மழித்த பிறகு தடவுவது. நாட்டு மருந்துக் கடையில் சீனக்காரம் என்று கேட்டாலும் அதைத்தான் தருவார்கள். எல்லாப் பெயரிலும் காரம் ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த வினை.

பள்ளி விட்டதும் வெங்காரக் கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைப்பது என் வேலை. பால்போல் வரும் குழம்பை இறகுக் காம்பால் தொட்டு இணைப்பில் வைப்பார் அப்பா. ஊதுகுழலின் தீ பட்டதும், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அது பொரிபோல் உப்பும். பிறகு அடங்கிக் கண்ணாடியாக உருகும்; உலோகத்தின்மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து, பொடி (இணைப்பை ஒட்டவைக்கும் உலோகக் கலவை) உருகி ஓட வழிவிடும். 'பொடி வைத்துப் பேசுவது' பட்டறையிலிருந்து வந்த பேச்சு என்பது அப்பாவின் கட்சி. பின்னாளில் நான் ஆசிடை நேரிசை வெண்பா (தனிச்சொல்லை ஒட்டவைக்க இடையில் 'ஆசு' என்று ஓரிரு அசை சேர்க்கும் பாவகை) நடத்தியபோது, 'ஆசு என்றால் பொற்கொல்லரின் பற்றாசு, நகையை ஒட்டும் அந்தப் பொடி' என்பேன். வகுப்பு திருதிருவென்று விழிக்கும்.

வெண்மையான காரம், வெங்காரம். வடமொழியில் டங்கணம். அதுதான் மலாயில் 'திங்கால்' ஆகி, ஆங்கிலத்தில் 'டிங்கல்' என்று நுழைந்தது. திபெத்திய ஏரிகளிலிருந்து வந்த, சுத்திகரிக்காத வெங்காரத்துக்கு ஐரோப்பிய வணிகர்கள் வழங்கிய பெயர் அது. நம் பக்கத்து வீட்டு மொழி தூக்கிச் சென்ற சொல் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை. போராக்ஸ் என்ற பெயர் வேறு வழியில் போனது: பாரசீகத்தில் பூரா, அரபியில் பௌரக், பிறகு லத்தீன். 1808இல் பிரித்தெடுத்த தனிமம் போரான் என்று பெயர் பெற்றதும் இதனால்தான். அரபியில் பௌரக் என்பது வேறு சில உப்புகளுக்கும் பொதுப்பெயராக இருந்தது. ஆகவே உங்கள் கட்டுரையாளரின் குழப்பத்துக்கு முன்னோர் உண்டு.

ஆனாலும் விட்டுவிட முடியவில்லை. படிகார நீரால் வாய் கொப்பளிக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெயர் குழம்பி யாரேனும் வெங்காரத்தை வாயில் விட்டுவிடக் கூடாது; அதை உணவில் சேர்க்கவே சிங்கப்பூரில் அனுமதியில்லை. வரும் ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தோ பாயோ