சாவியோடு பத்து நிமிடமும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின்சாரக் காரை சர்வீசுக்கு விட்டால் பல நிலையங்கள் மாற்றாக ஒரு பெட்ரோல் காரைக் கொடுக்கின்றன. கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை நீட்டுவதோடு சரி. இந்த அவசரம் ஆபத்தானது.

முதல் சிக்கல் காலில் இருக்கிறது. மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஒற்றை மிதியில் ஓட்டிப் பழகியவர் பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். ஆட்டோ கியர் பெட்ரோல் காரில் அப்படிக் காலை எடுத்தால் வண்டி உருண்டுகொண்டே போகும். முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிளை நெருங்கிய பிறகுதான் அது உறைக்கும். பாயா தெருபோங் பக்கமிருந்து பாலிக் புலாவுக்கு இறங்கும் மலைச்சாலையில் இன்னும் மோசம். கியரை ‘டி’யிலேயே வைத்துப் பிரேக்கை அழுத்திக்கொண்டு இறங்கினால் பிரேக் பேட் சூடேறிக் கருகல் வாடை வரும், பிடிப்பு தளரும். ‘எல்’ அல்லது ‘எஸ்’ஸுக்கு மாற்றினால் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். நிலையத்தை விட்டுக் கிளம்புமுன் அங்கேயே நாலைந்து முறை ஓட்டி நிறுத்திப் பார்ப்பது நல்லது.

இறங்கிக் கதவைச் சாத்தினாலே தானாக அணைந்துவிடும் மின்சாரக் கார்கள் உண்டு. பொத்தானை அழுத்தி இயக்கும் பெட்ரோல் கார் பெரும்பாலும் அப்படியில்லை. வீட்டோடு ஒட்டிய மூடிய கார் நிறுத்துமிடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். அதற்கு வாடையே கிடையாது. அணைத்ததை மீட்டர் பலகையைப் பார்த்து உறுதி செய்துவிட்டு இறங்க வேண்டும்.

அடுத்தது பதிவு எண். இதைத்தான் யாரும் நினைவூட்டுவதில்லை. பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியில் பழைய எண்ணே இருந்தால், பட்டறையில் நிற்கும் காருக்குக் கட்டணம் போகும். தெருவில் நிற்கும் காருக்குக் கம்பவுண்டு (அபராதம்) வரும். டோல் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஆர்எஃப்ஐடி ஒட்டியும் அப்படியே. அது ஒரு வண்டியின் எண்ணோடு பிணைந்தது, பிய்த்து இன்னொன்றில் ஒட்ட முடியாது. மாற்றுக் காரில் ஒட்டி இருக்கிறதா, இருந்தால் பணம் யாருடைய கணக்கில் கழியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். பிறையிலிருந்து பினாங்குப் பாலம் ஏறுபவர் ஆர்எஃப்ஐடி தடத்தில் நுழைந்து மாட்டிக்கொண்டால் பின்னால் வரிசையே நின்றுவிடும். கொண்டோமினியம் தடுப்புக்கட்டைக்கும் அலுவலக மாத பார்க்கிங்கிற்கும் புது எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெட்ரோல் போடும்போது மைகார்டு (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 என்னும் அரசின் பெட்ரோல் மானியச் சலுகை காருக்கு அல்ல, ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் குடிமக்களுக்கு உரியது. மின்சாரக் கார் வைத்திருப்பவரும் பயன்படுத்தலாம்.

காப்புறுதியை எழுத்தில் கேளுங்கள். பாலிசியில் பெயரில்லாத ஒருவர் ஓட்டி விபத்து நடந்தால், கார் சேதத்துக்கான இழப்பீட்டில் பொதுவாக 400 ரிங்கிட் கழிக்கப்படும். அதை யார் கட்டுவது, போக்குவரத்துச் சம்மன் வந்தால் எத்தனை நாளில் தெரிவிப்பார்கள், பெட்ரோல் எந்த அளவில் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் படிவத்தில் இருக்க வேண்டும். கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, நான்கு பக்கக் கீறல்கள் ஆகியவற்றை அங்கேயே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

விட்டுச்செல்லும் நம் காரையும் கவனிக்க வேண்டும். கைப்பேசியையே சாவியாகப் பயன்படுத்துபவர் அட்டைச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஓட்டுவதற்கான பின் (PIN) எண்ணையும் நீக்கிவிட வேண்டும். உதிரிபாகத்துக்காக வாரக்கணக்கில் நிற்கும் என்றால், காரை ஓட்டும் பெரிய பேட்டரியைப் பாதி அளவில் வைக்கவும் 12 வோல்ட் பேட்டரியை அவ்வப்போது சோதிக்கவும் சொல்லுங்கள். சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் பெரியதில் மின்சாரம் இருந்தும் கார் உயிர் பெறாது.

திரும்பக் கொடுக்கும்போது மாற்றுக் காரின் திரையில் பதிந்த கைப்பேசித் தொடர்புகளையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். சர்வீஸ் நிலையங்கள் இவற்றை ஒரே தாளில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலத்தில் அச்சிட்டுச் சாவியோடு கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பிறை, பினாங்கு