கணிதம் படித்தவர்கள் நீதிமன்றத்துக்கும் தேவை

ஆசிரியருக்கு,

கணிதம் படித்தால் ஆசிரியர் வேலை, விட்டால் வங்கி வேலை என்றே பிள்ளைகளிடம் சொல்லி வருகிறோம். தடய அறிவியலிலும் அவர்களுக்கு இடமிருக்கிறது. குற்றம் நடந்த இடத்தில் நீள்வட்டமாகப் படிந்த ரத்தத் துளியின் அகலத்தை நீளத்தால் வகுத்தால், அது விழுந்த கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். பள்ளியில் படிக்கும் முக்கோணவியல்தான்!

நிகழ்தகவு இன்னும் முக்கியம். இரு குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்க்கு, அவரே அவர்களைக் கொன்றார் என்று சொல்லி, 1999இல் இங்கிலாந்தில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். இரண்டுமே இயற்கை மரணமாக இருக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று மருத்துவர் ஒருவர் சாட்சி சொல்லியிருந்தார். ஒரு குழந்தை அப்படி இறக்க 8,543இல் ஒரு வாய்ப்பு என்று கொண்டு, இரு குழந்தைகளுக்காக 8,543ஐ அதே எண்ணால் பெருக்கிய கணக்கு அது. ஒரே குடும்பத்தில் நேர்ந்த மரணங்களை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக எப்படிக் கொள்ள முடியும்? 2003இல்தான் அந்தத் தாய் விடுதலையானார். சாட்சிக் கூண்டில் அன்று ஒரு புள்ளியியலாளரும் நின்றிருக்க வேண்டும். இத்துறை பற்றி வேலைவாய்ப்புப் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள்.

– கணித ஆசிரியர் ஒருவர்