கயலுக்கு, மஞ்சக்குப்பத்திலிருந்து

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய கேள்வித்தாளை அப்பாவும் நானும் உட்கார்ந்து முழுசாகப் படித்தோம். பிள்ளைகளுக்கு வரும் மூக்கு அலர்ஜியைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன் என்று நீ சொன்னபோதே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. தும்மல்தானே, உயிரா போகப்போகிறது என்று எல்லாரும் ஒதுக்கிவிடுவார்கள். அது பிள்ளைகளை என்ன பாடு படுத்துகிறது என்று வகுப்பில் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

கேள்விகள் ஐசாக் ஆய்வில், அதாவது பிள்ளைகளின் ஆஸ்துமா, அலர்ஜி பற்றிப் பல நாடுகளில் ஒரே மாதிரி நடத்திய ஆய்வில், இருந்தவை என்று எழுதியிருந்தாய். 56 நாடுகளில், 13, 14 வயதுப் பிள்ளைகள் நாலரை லட்சம் பேருக்கு மேல் பதில் சொன்ன கேள்விகள். கடந்த 12 மாதங்களில், சளியோ காய்ச்சலோ இல்லாதபோது தும்மல், மூக்கொழுகல், மூக்கடைப்பு இருந்ததா என்ற கேள்வியில் கை வைக்காதே. அப்படியே கேட்டால்தான் மற்ற ஊர்களோடு ஒப்பிட முடியும்.

ஆனால், எந்த மாதத்தில் இருந்தது என்று கேட்கிறாயே, அங்கேதான் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காருவார்கள். அவர்களுக்கு வருஷம் மாதக்கணக்கில் ஓடாது. காலாண்டுப் பரீட்சை, தீபாவளி லீவு, அரையாண்டு, பொங்கல் என்று மாதத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வை. இங்கே கேட்டால் பாதிப் பேர் அரையாண்டு சமயம் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூரில் மெத்தையும் தலையணையும் எங்கே காய்கிறது? கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிக்கு அந்த ஈரம் போதும். அதன் எச்சம் மூக்கில் ஏறித்தான் தும்மலைக் கிளப்புகிறது என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

6, 7 வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே பதில் எழுதுவார்கள் என்று போட்டிருக்கிறாய். சரி. ஆனால் ராத்திரி பிள்ளை யார் பக்கத்தில் படுக்கிறது என்று முதலில் கேள். நம் பக்கத்துப் பல வீடுகளில் அது பாட்டிதான். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதா, குறட்டை விடுகிறதா, எத்தனை தரம் எழுந்து உட்காருகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் கண்ணு. உன் தாளில் தும்மலுக்கு நிறைய இடம் இருக்கிறது, தூக்கத்துக்கும் படிப்புக்கும் ஒரே வரி. நீ அனுப்பிய அரியா வழிகாட்டி, மூக்கு அலர்ஜிக்கென்றே டாக்டர்களுக்கு எழுதியது, அதுவே என்ன சொல்கிறது? தூக்கம் கெடுகிறதா, பள்ளிக்கூட வேலை தடைப்படுகிறதா என்பதையெல்லாம் வைத்துத்தானே நோய் லேசானதா, கடுமையானதா என்று பிரிக்கிறார்கள்? அதற்கு ஒரு வரி எப்படிப் போதும்?

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் அரை வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்குவாள். மூக்கு அடைத்திருப்பதால் மகரமும் நகரமும் வராது, 'மாமா' என்பது 'பாபா' என்று விழும். மற்ற பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, அப்புறம் அவள் வாசிக்க எழுந்திருப்பதையே விட்டுவிட்டாள். அவளை மந்தம் என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தப் பிள்ளைக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை, ராத்திரித் தூக்கம் இல்லை, அவ்வளவுதான்.

2007-ல் வெளிவந்த அந்த இங்கிலாந்து ஆய்வை இரண்டு முறை படித்தேன். பரீட்சை நாளில் மகரந்த அலர்ஜித் தொந்தரவு இருந்த மாணவர்களுக்கு, குளிர்கால மாதிரித் தேர்வைவிட இறுதித் தேர்வில் கிரேடு இறங்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் அதிகம். தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 70 சதவீதம் அதிகம். நோயும் தூங்கவைக்கிறது, மருந்தும் தூங்கவைக்கிறது என்றால் பிள்ளை என்ன செய்யும்? இங்கே கடையில் கேட்டு வாங்கும் தும்மல் மாத்திரை அந்த வகைதானா என்று வீட்டில் பலருக்குத் தெரியாது. அதனால் மாத்திரையின் பெயரைக் கேட்காதே, அட்டையையே கொண்டுவரச் சொல்லிப் பார்த்து எழுதிக்கொள். வகுப்பாசிரியருக்கும் ஒரு சின்னத் தாள் கொடு: முதல் பீரியடில் தூங்கி விழுகிறதா, வாயால் மூச்சு விடுகிறதா, வாசிக்கச் சொன்னால் தயங்குகிறதா. மூன்று கேள்வி போதும், அதற்கு மேல் கொடுத்தால் யாரும் நிரப்பித் தரமாட்டார்கள்.

இன்னொன்று. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றாய். அந்த வாரம் முழுக்க அந்தப் பிள்ளைகள் தும்மிக்கொண்டேதான் இருப்பார்கள். பரீட்சை நேரத்தில் அதை வைத்துவிடாதே அம்மா. தேதி குறிக்கும் முன் தலைமை ஆசிரியரிடம் பள்ளி நாட்காட்டியை வாங்கிப் பார்த்துவிடு.

திருத்திய தாளை அனுப்பு, படித்துச் சொல்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா