சுயவிவரக்கோவையின் பக்க அமைப்புக்கு வழங்கப்பட்ட கருத்துரை தொடர்பான முறைப்பாடு

உவர்மலை,
திருகோணமலை.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

வரைகலை வடிவமைப்பாளர்களின் சுயவிவரக்கோவைகளை அனுபவமுள்ள வடிவமைப்பாளர் ஒருவரே பக்கம் பக்கமாகப் பார்த்துக் கருத்துரை வழங்குவார் என்ற தங்கள் விளம்பரத்தை நம்பி, சென்ற மாதம் அதற்குரிய கட்டணத்தை முழுமையாகச் செலுத்தி என்னுடைய கோவையை அனுப்பியிருந்தேன். தாங்கள் அனுப்பிய அறிக்கையையும், திருத்தப்பட்ட பிரதி என்ற பெயரில் அதனுடன் வந்த கோப்பையும் வரிவரியாகப் படித்த பின்னரே இந்த முறைப்பாட்டை எழுதுகிறேன். என் கோவையை எந்த வடிவமைப்பாளரும் பார்க்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. அதற்கான சான்று தங்கள் அறிக்கையிலேயே உள்ளது.

அறிக்கையின் முதற் பக்கத்தில், மென்பொருள் திறன்களைச் சதவீதப் பட்டைகளாகக் காட்டுவதைத் தவிர்க்குமாறும் புகைப்படத்தைச் சிறிதாக்குமாறும் கூறப்பட்டுள்ளது. என் கோவையில் பட்டையும் இல்லை, புகைப்படமும் இல்லை. இலஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் 80 சதவீதத் திறமை என்று எழுதினால் எதில் 80 சதவீதம் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதால், அத்தகைய பட்டைகளை நீக்கிவிடுமாறு என்னிடம் ஆலோசனை கேட்கும் இளையவர்களுக்கு நானே கூறுவதுண்டு. ஆலோசனை சரியானது; அது வேறு எவருடைய கோவைக்கோ எழுதப்பட்டது.

இரண்டு நிரல்களாக (பக்கம் பக்கமாக நிற்கும் இரு நெடும் பத்திகளாக) அமைந்த பக்கத்தை விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள்கள் வாசிக்கமாட்டா, ஆகவே ஒரே நிரலாக மாற்றுக என்பது அடுத்த கருத்து. இரு நிரல்களின் வரிகள் ஒன்றோடொன்று கலந்துபோகும் ஆபத்து உண்டென்பதை நான் மறுக்கவில்லை. அது கலக்கிறதா இல்லையா என்பது அந்தப் பி.டி.எப். கோப்பு உருவாக்கப்பட்ட விதத்தைப் பொறுத்தது. கோப்பிலுள்ள எழுத்து முழுவதையும் தெரிவுசெய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால், வாசிப்பு ஒழுங்கு ஓரளவுக்குத் தெரிந்துவிடும். அனுப்புவதற்கு முன் நான் அவ்வாறு பார்த்தேன். பெயர், தொழில் அனுபவம், கல்வி என எல்லாம் உரிய வரிசையில் வந்தன. கட்டணம் பெற்ற தங்கள் மதிப்பீட்டாளரும் இந்தச் சிறிய சோதனையைச் செய்திருக்க வேண்டும்.

என்னை மிகவும் வருத்தியது தமிழ்ப் பக்கம் பற்றிய பகுதியாகும். நிலாவெளி, உப்புவெளிப் பகுதிகளிலுள்ள விடுதிகளுக்கு உணவுப் பட்டியல்களும், கோயில்களுக்குத் திருவிழா அறிவித்தல்களும், கடைகளுக்கு மும்மொழிப் பெயர்ப்பலகைகளும் வடிவமைப்பதே என் தொழில். தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று அமுக்காமல் அமைக்கத் தெரிந்தவர் என்பதற்காகவே என்னை அழைக்கிறார்கள்; கோவையைத் தமிழ்ப் பக்கம், ஆங்கிலப் பக்கம் என இரண்டாக அமைத்ததும் அந்தத் திறனைக் காட்டுவதற்காகவே. ஆங்கிலத்தை 10 புள்ளி அளவிலும் தமிழை 9.5 புள்ளி அளவிலும் வைத்து, தமிழ் வரிகளுக்கு மட்டும் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டிருந்தேன். நான் தேர்ந்த எழுத்துருக்களில், ஒரே புள்ளி அளவில் வைத்தால் தமிழ் எழுத்துகள் அகலமாகவும் அடர்த்தியாகவும் தெரிகின்றன. மேலே இகர, ஈகரக் குறிகளும் கீழே உகர, ஊகரச் சுழிகளும் நீள்வதால் அவற்றுக்கு மூச்சுவிட இடமும் வேண்டும். தங்கள் அறிக்கை இதனை 'சீரற்ற எழுத்தளவு' என்று குறைகூறி, அனைத்தையும் ஒரே அளவாக்கச் சொல்கிறது. கண்ணுக்குச் சமமாகத் தெரியவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே வைத்த வேறுபாட்டை, எண்ணை மட்டும் பார்த்துப் பிழை என்று எழுதியிருக்கிறார்கள்.

அதே பகுதியில், தமிழ் எழுத்து சரியாகத் தோன்றாவிட்டால் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்துமாறும் ஆலோசனை கூறப்பட்டுள்ளது. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய எழுத்துரு; அதில் தட்டச்சு செய்ததை மென்பொருள் வாசித்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே கிடைக்கும். வடிகட்டும் மென்பொருளுக்காக நிரலையே மாற்றச் சொன்ன அறிக்கை, அடுத்த பக்கத்தில் அந்த மென்பொருளால் ஒரு சொல்லைக்கூட வாசிக்க முடியாத வழியைப் பரிந்துரைக்கிறது. மென்பொருள்கள் தமிழைத் தமிழாகவே வாசிக்கக்கூடிய யுனிகோட் முறையில் நான் தட்டச்சு செய்திருந்ததையும் எவரும் கவனிக்கவில்லை.

திருத்தப்பட்ட பிரதியோ பயன்படுத்தவே முடியாதது. 210 × 297 மில்லிமீற்றர் கொண்ட ஏ4 பக்கம், அமெரிக்காவில் வழங்கும் 216 × 279 மில்லிமீற்றர் லெட்டர் அளவுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. உயரத்தில் 18 மில்லிமீற்றர் குறைந்ததால், பக்கத்தின் இறுதி வரிகள் தனியே அடுத்த பக்கத்தில் போய் நிற்கின்றன. இங்கே அலுவலகங்களில் இருப்பது ஏ4 தாள். தலைப்புகளில் தடித்த வடிவமே இல்லாத எழுத்துருவைச் செயற்கையாகத் தடிப்பாக்கியதால் ணகரத்தின் சுழிகள் அடைபட்டுவிட்டன. முகவரியில் என் ஊரின் பெயரே சிதைந்திருக்கிறது: 'கோ'வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழுந்திருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்திருந்தால் இது ஒருபோதும் வெளியே வந்திராது. வடிவமைப்பாளரின் சுயவிவரக்கோவையில் பக்க அமைப்பே அவருடைய முதல் மாதிரி வேலை. இந்தப் பிரதியை நான் ஒரு விடுதிக்கு அனுப்பியிருந்தால், என் பெயரையும் பணி அனுபவத்தையும் வாசிப்பதற்கு முன்பே என்னை நிராகரித்திருப்பார்கள். அவர்களைக் குறைகூறவும் முடியாது.

நான் அனுப்பிய மடலில் தெளிவாகக் கேட்டிருந்த கேள்விகளுக்கு அறிக்கையில் ஒரு வரிகூடப் பதில் இல்லை. ஆண்டுகளைக் குறிக்கும் சாம்பல் நிற எழுத்துகள், கறுப்பு வெள்ளையில் அச்சிடும்போது தெளிவாகத் தெரியுமா என்று கேட்டிருந்தேன். இணைய அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தபட்சம் 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கிறது. திரையிலாவது அதை அளந்து சொல்லச் சில நிமிடங்கள் போதும். மாதிரி வேலைகளுக்கான இணைப்பை மேலே வைப்பதா, அனுபவத்தின் கீழ் வைப்பதா என்றும் கேட்டிருந்தேன். பதிலுக்குக் கிடைத்தது, கூடுதல் கட்டணத்தில் கோவையை முழுவதும் மாற்றி எழுதித் தருவதாகக் கூறும் விளம்பரம்.

ஆகவே, செலுத்திய கட்டணத்தை முழுமையாக மீளளிக்க வேண்டும். அல்லது தமிழ் வாசிக்கத் தெரிந்த வடிவமைப்பாளர் ஒருவர் என் கோவையின் மீதே குறிப்புகள் இட்டு, நான் கேட்டவற்றுக்குப் பதிலளித்து, புதிய கருத்துரையை மேலதிகக் கட்டணமின்றி வழங்க வேண்டும். தமிழில் மதிப்பிடக்கூடியவர் தங்களிடம் இல்லையெனில், அதனை விளம்பரத்தில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். வேலை தேடும் நிலையில் கையிலுள்ள பணத்தைச் செலவிடும் இளம் வடிவமைப்பாளர்கள் பலர் தங்களை நம்பி வரக்கூடும். சிதைந்த பிரதியைத் தங்கள் கணினிகளிலிருந்து அழித்து, அதனை எழுத்தில் உறுதிப்படுத்தவும் வேண்டுகிறேன்.

பற்றுச்சீட்டு, என் மூலக்கோப்பு, தங்கள் அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராவிடின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்துமூலம் முறையிடுவேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்,
வரைகலை வடிவமைப்பாளர்,
திருகோணமலை.